அசல் என்பது எந்த வருடத்து அசல்?

பழங்கட்டடம், ஓவியம் இவற்றைப் பாதுகாப்பது பற்றிய கோட்பாடுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு எரிச்சல் வரும். பேசுவது கொள்கை, செய்வதென்னவோ தேர்வு. எந்தக் காலத்தை விட்டுவைப்பது, எதைச் சுரண்டி எடுப்பது என்பதை யாரோ முடிவு செய்கிறார்கள். அதைச் சொல்லத்தான் மாட்டார்கள்.

புதுப்பிப்பது முழுப் பொய் என்று 1849-லேயே அடித்துச் சொன்னவர் ஆங்கிலேயக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின். எந்தக் காலத்திலும் இருந்திராத முழுமையைக்கூடக் கட்டடத்துக்குக் கொடுக்கலாம் என்றவர் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுக். பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தில் 1859-ல் எழுந்த கூர்கோபுரம் இவர் கைங்கரியம். இடைக்காலக் கோபுரம் அதற்கு வெகுமுன்பே கழற்றப்பட்டுவிட்டது. இவர் வைத்தது அதைவிட உயரம், வடிவமும் வேறு. 2019 தீயில் அது சரிந்ததும், நவீனமாக ஒன்று வைக்கலாமா என்று பேச்சு கிளம்பியது. கடைசியில் வியோலே-லெ-டுக் வைத்தபடியே திரும்பக் கட்டினார்கள். 160 வருடத்தில் கற்பனை அசலாகிவிட்டது! ரஸ்கின் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

ஓவியப் பாதுகாப்புக்குக் கோட்பாடு எழுதிய இத்தாலியர் சேசரே பிராண்டி மேல் எனக்கு மரியாதை உண்டு. ஓவியத்தில் உதிர்ந்த இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்பும் முறை அவர் வழி வந்தது. தள்ளி நின்றால் படம் முழுசாகத் தெரியும். கிட்டே போனால் கோடு கோடாகப் பிரிந்து, இது பின்னால் சேர்த்தது என்று காட்டிக்கொடுத்துவிடும். நேர்மையான வேலை. ஆனால் அந்த மரபு கொண்டாடும் இன்னொரு விதி, செய்ததைப் பின்னால் நீக்க முடியவேண்டும் என்பது. அந்தக் கோடுகளை அழிக்கலாம், சரி. பஞ்சில் துடைத்தெடுத்த பழுப்பு வார்னிஷை யார் திரும்பப் பூசுவது? கல்லை உறுதிப்படுத்தப் பூசி, அதன் நுண்துளைகளுக்குள் இறங்கி இறுகிப்போன பிசினை எப்படி எடுப்பது?

வாத்திகன் சிஸ்டைன் தேவாலயத்தில் உள்ள மைக்கலாஞ்சலோவின் ‘கடைசித் தீர்ப்பு’ சுவரோவியத்தில், நிர்வாண உருவங்களுக்கு டானியேலே டா வோல்தெர்ரா என்ற ஓவியர் பிற்பாடு துணி வரைந்தார். 1994-ல் முடிந்த சுத்தப்படுத்தலில் 16-ம் நூற்றாண்டுத் துணிகளை விட்டுவைத்தார்கள். அதற்குப் பிறகு மற்றவர்கள் வரைந்த துணிகளில் பலதை நீக்கினார்கள். முன்னது வரலாறு, பின்னது அழுக்கா? காரணம் இருக்கலாம். ஓரிடத்தில் டானியேலே மூல ஓவியத்தையே கொத்தி எடுத்துவிட்டுத்தான் வரைந்தார், கீழே மீட்க எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் எல்லைக்கோட்டை எங்கே போட்டாலும் அது ரசனைதான்.

ஸ்பெயினின் பாதுகாப்புக் கோட்பாட்டாளர் சால்வதோர் முன்யோஸ் வின்யாஸ் இதைத் தைரியமாக எழுதினார்: பொருளின் உண்மையான நிலை இப்போது இருக்கிற நிலைதான். ஒத்துக்கொள்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கட்டும் என்கிறாரே, அங்கேதான் இடிக்கிறது. பணம் கொடுப்பவர் குரல்தானே அங்கே ஓங்கும்?

குறைந்தபட்சம், ஓவியத்துக்குப் பக்கத்துப் பலகையில் வரைந்தவர் பெயரோடு, எதை எந்த வருடம் நீக்கினார்கள், யார் சொல்லி நீக்கினார்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.