மாவுக்கு ஒரு மூட்டை

பி.எஸ்சி. அக்ரி படித்தவர்களுக்கு 'ராவே' தெரிந்திருக்கும். ஊரக வேளாண் பணி அனுபவம். கடைசி வருஷம் கிராமத்தில் தங்கி, விவசாயிகளுக்குத் துண்டறிக்கை அடித்துக் கொடுத்து, ரெக்கார்டு எழுத வேண்டும். எனக்கு விழுந்தது தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ஊர். குறுவை நெல் போடும் நேரம்.

முதல் துண்டறிக்கையில் எழுதினேன்: "எக்டருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் 150:50:50 கிலோ. தழைச்சத்தை நான்கு சம பாகங்களாகப் பிரித்து இடவும்." பாடத்தில் இருந்தது அச்சு அசலாக. பரீட்சையில் எழுதியிருந்தால் முழு மார்க்.

எதிர்வீட்டுப் பெரியவர் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். "தம்பி, எக்டர்னா எத்தன மா?"

எனக்கு ஏக்கர்தான் தெரியும், ஒரு எக்டர் 2.47 ஏக்கர். மூணு மா ஒரு ஏக்கர் என்று அவரே சொன்னார். திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். யூரியாவில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், 46 சதவீதம். 150 கிலோவுக்கு 326 கிலோ யூரியா வேண்டும். ஏக்கருக்கு 132. மாவுக்கு 44. மூட்டை 45 கிலோ.

"அட, மாவுக்கு ஒரு மூட்டைங்கிறீங்க! அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? சரி, டி.ஏ.பி. போட்டா?"

அந்த உரத்திலும் 18 சதவீதம் தழைச்சத்து உண்டு, அதை யூரியா கணக்கில் கழிக்க வேண்டும். அது என் அறிக்கையிலேயே இல்லை.

வருஷக்கணக்காக நாங்கள் எழுதியதெல்லாம் ஒரே ஆளுக்கு, விடை ஏற்கெனவே தெரிந்த வாத்தியாருக்கு. அவருக்குப் புரியவைக்க ஒன்றுமில்லை. எனக்குத் தெரியும் என்று காட்டினால் போதும். அந்தப் பழக்கம் லேசில் போகாது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுவைப் பாருங்கள், படித்த பிள்ளை எழுதியதுதான்: இரண்டு பக்கம் குடும்பக் கதை, சர்வே நம்பர் கடைசி வரியில்.

துண்டறிக்கையை மாற்றி எழுதிக் கல்லூரிக்குக் கொண்டு போனேன். மா, மூட்டை எல்லாம் அறிவியல் அலகா என்று சிவப்பு மையால் அடித்துக் கொடுத்தார்கள். ரெக்கார்டைப் பொறுத்தவரை அது நியாயம்தான். மா எல்லா ஊரிலும் புழங்கும் அளவில்லை. வேறு மாவட்டத்துக்காரருக்கு எக்டர்தான் பொது. என் சண்டை வேறு: விவசாயி படிக்கிற தாளுக்குக் கல்லூரிக்குள் உட்கார்ந்து ஏன் மார்க் போட வேண்டும்? தாளைக் கொடுத்துவிட்டு மறுநாள் போய், "எவ்வளவு போடப் போறீங்க ஐயா?" என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால் பையனுக்கு மார்க். சொல்லாவிட்டால் பையன் இன்னொரு தடவை எழுதட்டும்.

கடைசியில் இரண்டாக எழுதினேன். ரெக்கார்டில் எக்டர், ஊரில் மா. பெரியவர் அதை மோட்டார் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்தார். தூர்கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம் என்று நான் எழுதிய இடங்களுக்குப் பக்கத்தில், பால்பாயிண்ட் பேனாவால் தன் வயலுக்கான தேதிகளைப் போட்டிருந்தார்.