மலிவான வீடு, தூரத்துக் கவுண்ட்டி, இரண்டாம் வருட எஸ்க்ரோ

டெக்சாஸில் வீடு பார்த்துக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாட்ஸப் குழுக்களில் தினமும் வரும் கேள்வி ஒன்றுதான்: "எந்தக் கவுண்ட்டி இப்போ நல்லா வளருது, எங்க வாங்கலாம்?" அந்த வளர்ச்சிக்கான செலவை அங்கே யார் கட்டுகிறார்கள் என்ற கேள்வி மட்டும் வருவதே இல்லை. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

கவுண்ட்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி. மாநிலத்தில் மொத்தம் 254 கவுண்ட்டிகள். 2010க்கும் 2020க்கும் இடையில் அதில் 143 கவுண்ட்டிகளில் மக்கள்தொகை குறைந்திருக்கிறது. மாநிலமே வளர்கிறது என்பார்கள். உண்மையில் பெரும்பாலும் வளர்வது டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின், சான் அன்டோனியோவைச் சுற்றியுள்ள கவுண்ட்டிகள்தான். அதே பத்தாண்டில் காலின் 7.82 லட்சத்திலிருந்து 10.64 லட்சமானது. ஆஸ்டினுக்குத் தெற்கே ஹேய்ஸ் 1.57 லட்சத்திலிருந்து 2.41 லட்சமானது. உள்வட்டத்தில் நிலம் தீர்ந்ததும் அலை வெளியே நகர்கிறது. 2023 ஜூலையோடு முடிந்த ஓராண்டில் டல்லாஸுக்குக் கிழக்கே உள்ள காஃப்மன் 7.6 சதவீதம் வளர்ந்து, அமெரிக்காவில் 20,000 பேருக்குக் குறையாத கவுண்ட்டிகளில் முதலிடம் பிடித்தது.

7.6 சதவீதத்தைப் பார்த்தவுடன் "இப்பவே வாங்கிடணும்" என்று தோன்றும். ஆனால் பிரின்ஸ்டனைப் பாருங்கள். காலின் கவுண்ட்டியில், 380 நெடுஞ்சாலை ஓரத்து ஊர். 2020இல் 17,000 பேர், 2024இல் 37,000. அந்த ஓராண்டில் நாட்டிலேயே மிக வேகமாக வளர்ந்த நகரம் என்று சென்சஸ் அறிவித்தது. அதே 2024 செப்டம்பரில்தான் நகர மன்றம் புதிய குடியிருப்புத் திட்டங்களுக்குத் தடை போட்டது. குடிநீர், கழிவுநீர், சாலை, போலீஸ் எதுவும் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. வீடுகள் முதலில் வந்துவிட்டன, குழாயும் ரோடும் பின்னால் வருகின்றன. அந்தப் பின்னால் வருவதற்கான பணத்தை ஏற்கெனவே குடிவந்தவர்கள்தான் கட்டியாக வேண்டும்.

இது எப்படி நடக்கிறது? தூரத்துக் கவுண்ட்டியில் மேய்ச்சல் நிலத்தை வாங்கும் டெவலப்பருக்கு அங்கே நகராட்சிக் குழாய் கிடையாது. அவர் ஒரு மட், அதாவது முனிசிபல் யுட்டிலிட்டி டிஸ்ட்ரிக்ட், அமைக்க அனுமதி வாங்குகிறார். தண்ணீர், சாக்கடை, மழைநீர் வடிகால் எல்லாவற்றையும் தன் பணத்தில் போடுகிறார். பிறகு அந்த மட் பாண்டு, அதாவது கடன் பத்திரம், வெளியிட்டு அவர் செலவைத் திருப்பிக் கொடுக்கிறது. பாண்டின் அசலும் வட்டியும் 20, 25 வருஷத்துக்கு வீட்டுக்காரர்களின் சொத்து வரியில் ஏறுகிறது. ஆரம்பத்தில் 100 டாலர் மதிப்புக்கு ஒரு டாலரை ஒட்டி இருப்பது சாதாரணம். வீடுகள் நிறைய நிறைய விகிதம் இறங்கும். ஆனால் பில்டர் பாதியில் கட்டுவதை நிறுத்தினால் அதே பாண்டைக் குறைவான வீடுகள் சுமக்கும், விகிதம் இறங்காது. சந்தை மந்தமாகும்போது கடைசிக் கட்டம் காலி மனையாகக் கிடக்கும் சப்டிவிஷன்களில், அதாவது புதுக் குடியிருப்புத் தொகுதிகளில், இதுதான் சிக்கல்.

சில ஊர்களில் மட்டுக்குப் பதில் பிட் இருக்கும்: பப்ளிக் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட். அது பெரும்பாலும் வீட்டு மதிப்பைப் பார்க்காது. மனைக்கு இவ்வளவு என்று முன்பே எழுதிவைத்த தொகை. ஹோம்ஸ்டெட் சலுகை, அதாவது சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான வரி விலக்கு, அதைத் தொடாது; மதிப்பைக் குறைக்கச் சொல்லி புரொட்டஸ்ட் செய்தாலும், அதாவது முறையிட்டாலும், குறையாது.

இப்போது பலருக்கும் அடி விழும் இடம். புது வீட்டுக்கு முதல் வருடம் வரும் வரி பில்லைப் பார்த்து ஏமாறாதீர்கள். டெக்சாஸில் ஜனவரி 1ஆம் தேதி அந்த இடத்தில் என்ன இருந்ததோ அதற்குத்தான் அந்த வருடத்து வரி. ஜனவரியில் காலி மனை, ஜூலையில் சாவி வாங்கினீர்கள் என்றால் முதல் பில் மனைக்கு மட்டும் வரும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீடு 4,50,000 டாலர். மனை மட்டும் 90,000. 100 டாலர் மதிப்புக்கு வரி விகிதம் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் 1.20, கவுண்ட்டி 0.42, மட் 0.95, மற்றவை 0.13, ஆக 2.70. முதல் வருட பில் 2,430 டாலர். கடன் கொடுத்த லெண்டர் இதை வைத்து எஸ்க்ரோவுக்கு, அதாவது வரி கட்டுவதற்காகத் தவணையோடு சேர்த்துப் பிடித்துவைக்கும் கணக்குக்கு, மாதம் 202.50 பிடிப்பார்.

அடுத்த ஜனவரியில் முழு வீடு கணக்கில் ஏறுகிறது. ஸ்கூல் வரிக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு 1,40,000 கழித்தால் 3,10,000க்கு 3,720. கவுண்ட்டி 1,890. மட் 4,275. மற்றவை 585. மொத்தம் 10,470 டாலர். கையில் இருப்பது 2,430. பற்றாக்குறை 8,040. அதை 12 மாதத்துக்குப் பிரித்தால் 670. அதோடு புது வரிக்கு மாதம் 872.50. ஆக, 202.50 பிடித்த எஸ்க்ரோ 1,542.50 ஆகிறது. மார்ட்கேஜ் வட்டி ஒரு பைசா மாறவில்லை, மாதத் தவணை 1,340 டாலர் ஏறுகிறது. இதற்கு மேல் இரண்டு மாதப் பணம் வரை குஷனாக, அதாவது முன்னெச்சரிக்கை இருப்பாக, வைத்துக்கொள்ளவும் லெண்டருக்கு அனுமதி உண்டு. ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு, அதுவும் விசாவில் இருப்பவர்களுக்கு, இந்தக் கடிதம் வரும் மாதம் பெரிய கஷ்டம். இது சட்டப்படி நடப்பது. யாரும் முன்கூட்டிச் சொல்லாததுதான் கொடுமை.

தப்பிக்க வழி சுலபம். கையெழுத்துப் போடும் முன் அந்தக் கவுண்ட்டியில் சொத்து மதிப்பைக் கணக்கிடும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டின் தளத்துக்குப் போய், அதே சப்டிவிஷனில் இரண்டு வருடம் முன்பு கட்டிய வீட்டைத் தேடுங்கள். அந்தப் பக்கத்தில் வரி வசூலிக்கும் அமைப்புகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் விகிதத்தையும் கூட்டி, உங்கள் விலையில் பெருக்கி, 100ஆல் வகுங்கள். லெண்டரிடம் "முழு மதிப்புக்கு எஸ்க்ரோ பிடியுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். அவர் மறுத்தால் அந்த வித்தியாசத்தைத் தனி சேமிப்புக் கணக்கில் நீங்களே போட்டு வாருங்கள்.

பழைய வீடு வாங்குபவர்களுக்கு வேறு பொறி. விளம்பரத்தில் "வரி 6,000" என்று இருக்கும். விற்பவர் பத்து வருடமாக, வரிக்கான மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாத உச்சவரம்பில் இருந்திருப்பார். அல்லது 65 வயது தாண்டி அவருடைய ஸ்கூல் வரி உறைந்திருக்கும். வீடு கைமாறினால் அந்தச் சலுகை உங்களோடு வராது. அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் பக்கத்தில், சலுகைகள் கழித்த டாக்ஸபிள் வேல்யூவை விட்டுவிட்டு மார்க்கெட் வேல்யூவைப் பாருங்கள்.

ஹோம்ஸ்டெட் விண்ணப்பம் இலவசம், படிவம் 50-114. டிரைவிங் லைசென்ஸில் புது முகவரி இருக்க வேண்டும். இதில் தவறிப் பலருடைய விண்ணப்பம் திரும்பி வருகிறது. இதற்கு விண்ணப்பித்துத் தருகிறோம் என்று பணம் கேட்டுத் தபாலில் வரும் கடிதங்களைக் கிழித்துப் போடுங்கள். 1,40,000 விலக்கு 2025 நவம்பர் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அதற்கு முன் 1,00,000, 2023க்கு முன் 40,000.

சரி, தொழிற்சாலைகள் வருகிறதே, வரி குறையாதா என்று கேட்பார்கள். வில்லியம்சன் கவுண்ட்டி டெய்லரில் சாம்சங் 17 பில்லியன் டாலர் சிப் ஆலையை 2021 நவம்பரில் அறிவித்தது. அந்த ஒப்பந்தப்படி கவுண்ட்டி முதல் பத்து வருடம் சொத்து வரியில் 90 சதவீதத்தையும், அடுத்த பத்து வருடம் 85 சதவீதத்தையும் திருப்பிக் கொடுக்கிறது. ஆலை வேண்டாம் என்பது என் வாதமல்ல. நல்ல வேலைகள், சப்ளையர் கம்பெனிகள், எல்லாம் வருகின்றன. ஆனால் ஆலையை நம்பி வரும் புதுக் குடும்பங்களின் பள்ளிக்கூடம், ரோடு, தீயணைப்பு எல்லாம் உடனே தேவை. ஆலையின் முழு வரி இருபது வருடம் தள்ளி நிற்கிறது. இடைவெளியை நிரப்புவது வீட்டு வரிதான். இந்த முடிவுகளை எடுப்பது கமிஷனர்ஸ் கோர்ட். பெயரில் கோர்ட் இருந்தாலும் அது கவுண்ட்டியின் நிர்வாகக் குழு. கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. சிட்டிசன்ஷிப் இல்லாவிட்டாலும் போய் உட்காரலாம், பேசப் பெயர் கொடுக்கலாம். வரி கட்டும் நம் சமூகம் அந்த நாற்காலிகளில் இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

டெய்லர், ஹட்டோ, காஃப்மன் பக்கம் வாங்குபவர்களுக்கு இன்னொன்று. அது கரிசல் மண். நம் கோவில்பட்டிக் கரிசல் போலவே வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். அஸ்திவாரத்தைச் சுற்றி ஈரம் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தண்ணீர் தேங்கி மறுபக்கம் காய்ந்தால் ஸ்லாப் வளையும், கதவு இறுகும், சுவர் மூலையில் சாய்வாக விரிசல் விழும். கூரையிலிருந்து இறங்கும் டவுன்ஸ்பவுட் குழாய்த் தண்ணீர் சுவரடியில் விழாமல் தள்ளி விடுங்கள்.

முதலீட்டுக்கு இரண்டாவது வீடு வாங்க நினைப்பவர்கள் கணக்கை நேர்மையாகப் போடுங்கள். 3,80,000 டாலர் வீடு, 20 சதவீதம் முன்பணம், 7 சதவீத வட்டி என்றால் தவணை மட்டும் சுமார் 2,022. ஹோம்ஸ்டெட் இல்லாததால் 2.70 விகிதத்தில் வரி மாதம் 855. வாடகை 2,300 வந்தாலும் இன்சூரன்ஸ், ஹெச்ஓஏ (வீட்டுக்காரர்கள் சங்கக் கட்டணம்) சேர்க்கும் முன்பே மாதம் 577 கைநஷ்டம். விலை ஏறும் என்ற நம்பிக்கையில்தான் இது ஓடும். 2022இல் உச்சிக்குப் போன ஆஸ்டின் விலை அதன் பிறகு இறங்கியது. ஏராளமான அபார்ட்மென்ட்கள் ஒரே நேரத்தில் முடிந்ததால் அங்கே வாடகையும் இறங்கியது.

நண்பர்கள் சேர்ந்து எல்எல்சி போட்டு ஏக்கர் கணக்கில் நிலம் வாங்குவது இப்போது அதிகம். அந்த நிலத்துக்கு வரி குறைவாக இருப்பது விவசாய மதிப்பீட்டால். வைக்கோல், மாடு, அல்லது 5 முதல் 20 ஏக்கருக்குத் தேனீப் பெட்டி. எதுவோ தொடர்ந்து நடக்க வேண்டும். பயன்பாட்டை மாற்றினால் முந்தைய மூன்று வருடத்து வரி வித்தியாசம் மொத்தமாக வரும், ரோல்பேக் என்பார்கள். அதை யார் கட்டுவது என்று வாங்கும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளப் பகுதி வரைபடத்தையும், எந்தத் தண்ணீர் நிறுவனத்தின் எல்லைக்குள் நிலம் வருகிறது என்பதையும் பாருங்கள்.

மதிப்பு நோட்டீஸ் வசந்தத்தில் வரும். மே 15க்குள், அல்லது நோட்டீஸ் வந்து 30 நாளுக்குள், எது பிந்தியதோ அதற்குள் புரொட்டஸ்ட் போடுங்கள். "மார்க்கெட் மதிப்பு அதிகம்", "மற்ற வீடுகளோடு சமமாக இல்லை" இரண்டையும் டிக் செய்யுங்கள். டெக்சாஸில் விற்பனை விலையை அரசுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் நோட்டீஸில் இருக்கும் மதிப்பைவிடக் குறைவாக வாங்கியிருந்தால் மட்டும், வாங்கிய விலை இருக்கும் க்ளோசிங் ஸ்டேட்மென்ட்டைக் கொண்டுபோங்கள். புது சப்டிவிஷனில் அதே ஃப்ளோர் பிளானுக்கு அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் போட்டிருக்கும் மதிப்புகளை எடுத்து, அவற்றின் நடு மதிப்பைக் காட்டுவது நல்ல ஆதாரம்.