கொடுப்பதாகச் சொன்னதைக் கொடுத்திருந்தால்...

2012-ல் நான் துபாய் தேராவில் ஒரு கார்கோ ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். க்ரீக் ஓரத்தில் மர லாஞ்சுகள் வரிசையாக நிற்கும். ஃப்ரிட்ஜ், ஏசி, டயர், பிஸ்கட் பெட்டி எல்லாம் கரையிலேயே அடுக்கிக் கிடக்கும். அதில் நிறைய சரக்கு ஈரானுக்குப் போகிறதுதான். எங்களிடம் வரும் ஈரான் வியாபாரி ஒருவர், அறுபது வயதிருக்கும், சின்ன நோட்டில் பென்சிலால் விலை எழுதி வைத்திருப்பார். அந்த அக்டோபரில் ஒரே வாரத்தில் ஈரான் பணமான ரியால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மதிப்பு இழந்தது. ரேட் மாற மாற அவர் ரப்பரால் அழித்து அழித்து எழுதி, நோட்டில் அந்த இடமே கிழிந்துவிட்டது. ஈரானின் அணுத் திட்டத்தை நிறுத்த அமெரிக்காவும் ஐரோப்பாவும் போட்ட பொருளாதாரத் தடைகளால், அதற்குள் பேங்குகள் ஈரான் பார்ட்டி என்றாலே எல்.சி. (சரக்குக்குப் பணம் தருவதாக பேங்க் கொடுக்கும் உறுதிக் கடிதம்) போட மறுக்க ஆரம்பித்திருந்தன. உலக பேங்குகள் தங்களுக்குள் பணப் பரிமாற்றச் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வலையிலிருந்தே ஈரான் பேங்குகளை அந்த மார்ச்சில் வெட்டிவிட்டார்கள். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அணு விஷயத்தில் எங்கள் அரசாங்கம் ஒத்துக்கொண்டால் இவர்கள் இந்தத் தடையையெல்லாம் எடுத்துவிடுவார்களா?"

எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. ஈரானுக்குத் தடையை இன்னும் இறுக்கிப் போட வேண்டும் என்று இங்கே யாராவது எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்விதான் ஞாபகம் வருகிறது.

தடையால் ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நடந்தது. ஐரோப்பா எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது, ஈரானின் எண்ணெய் ஏற்றுமதி பாதிக்கும் கீழே போனது, 2013 தேர்தலில் பேச்சுவார்த்தை நடத்தித் தடைகளை விலக்க வைப்பேன் என்று சொன்ன ரூஹானி ஜெயித்தார். 2015 ஜூலை 14-ல் வியன்னாவில் ஈரானுக்கும் அமெரிக்கா முதலிய வல்லரசுகளுக்கும் அணு ஒப்பந்தம். யுரேனியத்தைச் சுழற்றி, அதில் அணு வினைக்கு உதவும் பகுதியைக் கூட்டுகிற (அதுதான் செறிவூட்டல்) பத்தொன்பதாயிரம் சென்ட்ரிஃப்யூஜ் எந்திரங்களை ஏறக்குறைய ஆறாயிரமாகக் குறைத்தார்கள். 11 டன்னுக்கு மேல் செறிவூட்டிய யுரேனியத்தைக் கப்பலேற்றி ரஷ்யாவுக்கு அனுப்பினார்கள். குண்டுக்கான புளூட்டோனியத்துக்கு வழியாகிவிடும் என்று பயந்த அராக் அணு உலையின் மையப் பகுதியில் கான்கிரீட் ஊற்றி மூடினார்கள். யுரேனியத்தை 3.67 சதவீதத்துக்கு மேல் செறிவூட்டக் கூடாது, 300 கிலோவுக்கு மேல் கையிருப்பு வைக்கக் கூடாது என்று வரம்பு. சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்து, ஆமாம், சொன்னபடி நடக்கிறார்கள் என்று திரும்பத் திரும்ப அறிக்கை கொடுத்தார்கள். ஒரு குண்டு போடாமல் நடந்த காரியம் இது.

சரி, பதிலுக்கு ஈரானுக்கு என்ன கிடைத்தது? எண்ணெய் விற்க முடிந்தது, அது உண்மை. ஆனால் அமெரிக்கா வேறு காரணங்களுக்காகப் போட்டிருந்த தடைகள் அப்படியே இருந்ததால், நாளைக்கு அபராதம் வந்துவிடுமோ என்று பயந்து ஐரோப்பாவின் பெரிய பேங்குகள் கிட்டவே வரவில்லை. விமானக் கதையைப் பாருங்கள். ஏர்பஸ்ஸிடம் 100, போயிங்கிடம் 80 என்று ஈரான் ஏர் ஆர்டர் கொடுத்தது. வருடக்கணக்காகப் பழைய விமானங்களில், உதிரி பாகம் கிடைக்காமல், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறந்த ஜனங்கள் அவர்கள். 2017 ஜனவரியில் முதல் ஏர்பஸ் தெஹ்ரானில் இறங்கியது. கடைசியில் ஏர்பஸ்ஸிடமிருந்து வந்தது மொத்தம் மூன்று, போயிங்கிடமிருந்து ஒன்றுகூட இல்லை. 2018 மே 8-ல் டிரம்ப் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறினார். ஈரான் மீறியதாக ஆய்வாளர்கள் யாரும் சொல்லாத நேரத்தில்! விமானம் விற்க அமெரிக்கா கொடுத்திருந்த லைசென்ஸ் ரத்து, பிரான்ஸின் டோட்டல் எண்ணெய்க் கம்பெனி எரிவாயுத் திட்டத்தை விட்டுவிட்டுக் கிளம்பியது, கார் கம்பெனிகள் போய்விட்டன.

அதற்குப் பிறகும் ஈரான் ஒரு வருடம் வரம்புக்குள்தான் இருந்தது. ஐரோப்பா ஏதாவது வழி செய்யும் என்று காத்திருந்தார்கள். அமெரிக்கத் தடையைத் தாண்டி ஈரானோடு வியாபாரம் செய்ய ஐரோப்பா 2019-ல் தொடங்கிய இன்ஸ்டெக்ஸ் என்ற பணப் பரிமாற்ற ஏற்பாடு தன் முதல் பரிவர்த்தனையை முடிக்கவே 2020 மார்ச் ஆகிவிட்டது, பிறகு அதையும் இழுத்து மூடினார்கள். 2021-ல் ஈரான் 60 சதவீதச் செறிவூட்டலுக்குப் போனது. குண்டுக்கு 90 வேண்டும், ஆனால் இயற்கையில் கிடைக்கும் 0.7-லிருந்து 60-க்கு வருவதற்குள் உழைப்பில் பெரும்பகுதி முடிந்துவிடும் என்பதை இங்கே பலர் கவனிப்பதில்லை. 2025 மே மாதம் அந்த 60 சதவீதச் சரக்கு மட்டும் 400 கிலோவுக்கு மேல். அடுத்த மாதமே இஸ்ரேலும் அமெரிக்காவும் குண்டு போட்டன.

ஈரான் அரசுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. நதான்ஸ், ஃபோர்தோ என்ற செறிவூட்டல் ஆலைகள் இரண்டையும் மறைவாகக் கட்டியவர்கள் அவர்கள், சொந்த ஜனங்களைத் தெருவில் சுட்டவர்கள். ஆனால் தடையின் அடி அந்த ஆட்களுக்கா விழுந்தது? எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்று ஒரு தோல் நோய் இருக்கிறது, பிறவியிலேயே வருவது. லேசாக உரசினாலே தோல் கொப்புளமாகி உரிந்துவிடும். சாதாரணத் துணியால் கட்டினால், அவிழ்க்கும்போது தோலும் சேர்ந்து வரும். ஒட்டாத ஒரு நுரைக் கட்டு ஸ்வீடன் நிறுவனம் ஒன்றிடமிருந்து ஈரானுக்கு வந்துகொண்டிருந்தது. 2018-க்குப் பிறகு அது நின்றுபோனது. மருந்துக்குத் தடை இல்லை என்று காகிதத்தில் இருக்கிறது, பணம் அனுப்ப பேங்க் வேண்டுமே! அந்தக் குழந்தைகளின் காயத்துக்கும் சென்ட்ரிஃப்யூஜுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

ஒரு நாட்டின் குண்டு முயற்சியை ஆசை காட்டியும் பயமுறுத்தியும் நிறுத்த முடியும் என்பதற்குத் தென் கொரியா இருக்கிறது. 1970-களில் எரிந்த அணு எரிபொருளிலிருந்து புளூட்டோனியம் பிரிக்கும் மறுசுத்திகரிப்பு ஆலையை பிரான்ஸிடம் வாங்கப் போனார்கள், அணுமின் நிலையக் கடனை நிறுத்துவோம் என்று அமெரிக்கா மிரட்டியதும் கைவிட்டார்கள். அவர்களுக்கு அமெரிக்காவின் பாதுகாப்பும் சந்தையும் நிஜமாகவே கிடைத்தன. ஆனால் வட கொரியாவுக்கு, அணு ஆலைகளை நிறுத்தினால் இரண்டு அணுமின் உலைகளும் வருடம் ஐந்து லட்சம் டன் எண்ணெயும் தருவதாக 1994-ல் அமெரிக்காவோடு ஒப்பந்தம். எண்ணெய் தாமதமாக வந்தது, உலைகள் கடைசிவரை முடியவில்லை. அவர்களும் ரகசியமாக யுரேனியத்தில் கை வைத்தார்கள் என்பது வேறு கதை. 2006-ல் அணுகுண்டுச் சோதனையே நடத்திவிட்டார்கள். அப்புறம் லிபியாவின் கடாஃபி. 2003-ல் தன் அணுத் திட்டம் எல்லாவற்றையும் ஒப்படைத்தார், 2011-ல் ஆட்சியும் போய் அவர் கொல்லப்பட்டதை பியாங்யாங்கும் தெஹ்ரானும் பார்த்துக்கொண்டுதானே இருந்தன.

அதனால் அடுத்த ஒப்பந்தம் என்று ஒன்று வந்தால், ஒரு அதிபர் கையெழுத்துப் போட்டு அடுத்தவர் கிழிக்கிற மாதிரி இருக்கவே கூடாது. அமெரிக்க நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்க வேண்டும். ஈரான் ஒரு படி இறங்கினால் அந்த மாதமே எண்ணெய்ப் பணம் கைக்குப் போக வேண்டும், எந்த பேங்க் பயப்படாமல் வேலை செய்யலாம் என்று அமெரிக்க நிதித்துறை எழுத்தில் கொடுக்க வேண்டும். மருந்துக்கான பேங்க் வழியைப் பேச்சுவார்த்தைக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே திறந்துவிடலாம், அதனால் யாருக்கும் குண்டு கிடைத்துவிடப் போவதில்லை.

அந்தப் பெரியவர் 2016-ல் ஒருநாள் ஆபீஸுக்கு வந்து எல்லோருக்கும் பிஸ்தா கொடுத்தார். மகன் தெஹ்ரானில் பெரிய கடை எடுக்கிறான், இனி பேங்க் மூலமாகவே பணம் அனுப்பலாம் என்றார். புது நோட்டு வாங்கியிருந்தார், அதில் பேனாவால் எழுதியிருந்தார். நான் 2019-ல் ஊருக்குத் திரும்புவதற்கு முன் அவரைக் கடைசியாகப் பார்த்தபோது, மறுபடியும் பென்சில்தான் வைத்திருந்தார்.