மான்சல் டேலை மூடியது பீச்சிங் அல்ல

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் புதர் மண்டிக் கிடக்கும் மான்சல் டேல் ரயில் நிலையப் படத்தைப் போட்டு, 'பீச்சிங் அறிக்கைக்குப் பலியான நிலையம்' என்று பகிர்கிறார்கள். பிரிட்டனில் ஏராளமான ரயில் நிலையங்களை மூடச் சொன்ன அறிக்கை அது. ஆனால் இந்தப் பழி தவறு. 1866-ல் திறந்த நிலையம் 1959 ஆகஸ்டிலேயே மூடப்பட்டுவிட்டது. அறிக்கை வந்ததோ 1963 மார்ச்சில். அதை எழுதிய பீச்சிங், பிரிட்டிஷ் ரயில்வே தலைமைக்கு வந்ததே 1961-ல்தான். அதுவரை ஐசிஐ ரசாயன நிறுவனத்தில் இருந்தார். கிராமத்து நிலையம் எது மூடினாலும் அவர் தலையில் கட்டுவது வழக்கமாகிவிட்டது!

மலைச்சரிவு அங்கே அவ்வளவு செங்குத்து. ஒரு நடைமேடைக்குப் பாறையை வெட்டி இடம் பிடித்தார்கள். எதிர்ப்பக்க நடைமேடை, பள்ளத்தின் மேல் மரக்கால்களில் நின்றது. நிலையம் மூடிய பிறகும் 1968 வரை அவ்வழியே ரயில்கள் நிற்காமல் ஓடின. இப்போது அந்த ரயில் பாதை மான்சல் டிரெயில் என்ற நடைபாதை, சைக்கிளிலும் போகலாம்.