‘கிரெபுஸ்குலும்’ கருப்பிலிருந்து வரவில்லை

ஞாயிறு கூட்டத்தின் காணொளியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. லத்தீனில் அந்திக்கருக்கலைக் குறிக்கும் ‘கிரெபுஸ்குலும்’ நம் ‘கருப்பு’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்றார் பேச்சாளர். அரங்கமே கைதட்டியது. ஆதாரம் என்ன என்று எழுந்து கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். அன்று முதல் நான் தமிழ்ப் பகைவனாம்.

அந்தச் சொல்லுக்குப் பிறந்த ஊர் இருக்கிறது. கி.மு. 116இல் பிறந்த ரோமானிய அறிஞர் வாரோ, லத்தீன் மொழி பற்றிய தம் நூலில் எழுதிவைத்திருக்கிறார்: ‘கிரெபெர்’ என்பதிலிருந்து வந்தது, ரோமானியர்கள் அதை ரோமுக்குப் பக்கத்தில் வாழ்ந்த சபைன் மக்களிடமிருந்து பெற்றார்கள். கிரெபெர் என்றால் ஐயத்துக்குரியது. இன்னும் பகல்தானா, இரவாகிவிட்டதா என்று பலரும் தடுமாறும் பொழுது அது. சபைன் மக்களின் அமிதெர்னும் ஊரில் அந்நேரத்தில் பிறந்தவர்களுக்குக் கிரெபுஸ்குஸ் என்றே பெயர். விடியலில் பிறந்தவர்கள், ஒளி என்று பொருள்படும் ‘லூக்ஸ்’ என்ற சொல்லால் லூசியஸ் ஆனதுபோல. வெற்றி யார் பக்கம் என்று தெரியாத போரைச் சொல்லவும் ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் இதே கிரெபெரைத்தான் எடுத்தாள்கிறார். இதில் கருப்பு எங்கே வந்தது? ஆதாரம் எங்கே?

“கிரெபெருக்கு இருட்டு என்ற பொருளும் உண்டே” என்பீர்கள். உண்டு. பொருள் நெருங்கிவந்தால் வேர் ஒன்றாகிவிடுமா? “வாரோ சொன்ன வேர்களில் பல தவறு” என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மைதான். ஆனால் வாரோ சபைன் நாட்டு ரெயாத்தேயில் பிறந்தவர். தம் மண்ணின் சொல்லைப் பற்றி அவர் சொல்வதை, இரண்டு எழுத்து ஒத்துப்போகிறது என்பதற்காகத் தள்ளிவிட முடியாது. “உனக்கு லத்தீன் தெரியுமா?” என்பவர்களுக்குப் பதில் கிடையாது. மேடையில் பேசியவரிடம் அதை யாரும் கேட்கவில்லையே!

என் அப்பா தமிழாசிரியர். மாணவன் ஒரு சொல்லுக்கு வேர் சொன்னால் உடனே பாராட்டமாட்டார். “எந்தப் பாட்டில் வருகிறது?” என்பார். பதில் வராவிட்டால் கரும்பலகையில் எழுதியதை உள்ளங்கையாலேயே அழித்துவிடுவார். அவர் பிள்ளையைப் பார்த்துத் தமிழ்ப் பகைவன் என்கிறீர்கள். பொழுது சாய்வதை எற்பாடு என்றும் மாலை என்றும் பிரித்துப் பார்த்து, நெய்தலுக்கும் முல்லைக்கும் கொடுத்த மொழி இது. இதற்கு ரோமாபுரியிலிருந்து ஒரு சொல்லைப் பறித்துவந்து பெருமை சேர்க்க வேண்டுமா? வலிக்கிறது, ஐயா.

வாரோவின் நூலில் ஆறாம் புத்தகம், ஐந்தாம் பத்தி. ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. படித்துவிட்டு வந்து என்னோடு சண்டை போடுங்கள்.