செம்பு, தடிமன், நீளம்: இதைச் சொன்னதற்கா அந்த அடி?

சனிக்கிழமை ராத்திரி நம்ம சிங்கப்பூர் ஆடியோ குழுவில் நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். புது வீட்டுச் சாவி வாங்கிய தம்பி ஒருவர், ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து 1,500 வெள்ளி வைத்திருக்கிறேன், என்ன ஒயர் போடலாம் என்று கேட்டார். "2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும் தம்பி" என்று நம்ம அண்ணன் ஒரே வரியில் பதில் சொன்னார். அதற்குக் கீழே வந்ததைப் படிக்கவே கூசியது. காது இல்லாதவராம். எலக்ட்ரீஷியன் புத்தியாம். கடைசியில் 600 வெள்ளி கேபிள் ஒன்றைத் தம்பி தலையில் கட்டப் பார்த்தார்கள். அண்ணன் தன் பதிலை அழித்துவிட்டுப் போய்விட்டார்.

அண்ணன் சொன்னது சரி. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஸ்பீக்கர் ஒயரில் பார்க்க வேண்டியது மூன்று. செம்பா? எத்தனை சதுர மில்லிமீட்டர்? எத்தனை மீட்டர்? இதற்கு மேல் கடையில் சொல்வதெல்லாம் அட்டைப்பெட்டிக்கும் உறைக்கும் கொடுக்கிற காசு.

கணக்கைப் பாருங்கள். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.007 ஓம் மின்தடை தரும். ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கர் 5 மீட்டர் என்றால் போக 5, வர 5, ஆக 10 மீட்டர் கம்பி. மொத்தம் 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் அதனால் குறைகிற சத்தம் 0.1 டெசிபல்கூட இல்லை. மெக்கின்டாஷ் என்ற அமெரிக்க ஆடியோ கம்பெனியில் ஸ்பீக்கர்களை வடிவமைத்த ரோஜர் ரஸ்ஸல் ஓர் அளவுகோல் எழுதிவைத்தார்: ஒயரின் தடை ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 8 ஓமுக்கு 0.4, 4 ஓமுக்கு 0.2. நம்ம 0.07 எங்கே இருக்கிறது பாருங்கள். அந்தத் தம்பியின் ஹாலில் டிவி சுவரின் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் வைத்தால் ஒரு பக்கத்துக்கு 3 மீட்டர்கூடத் தேவைப்படாது. அதற்கு 1.5 சதுர மி.மீ. போதும்.

எங்கே கவனம் வேண்டும் என்றால், சோபாவுக்குப் பின்னால் வைக்கிற சரவுண்டு ஸ்பீக்கருக்கு. ஒயர் சுவரேறி, ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஓடி, மறுபடி இறங்கினால் 15 மீட்டர் சாதாரணமாகப் போய்விடும். 2.5-ல் அது 0.2 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்குக் கவலையில்லை. 4 ஓம் என்றால் விளிம்பில் நிற்கிறது, 4 சதுர மி.மீ. வாங்குங்கள். ஏ.டபிள்யூ.ஜி. (அமெரிக்க ஒயர் அளவு) என்று எண் போட்டிருந்தால் எண் கூடக் கூடக் கம்பி மெலியும்: 16 என்பது 1.3 சதுர மி.மீ., 14 என்பது 2.1, 12 என்பது 3.3. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு 18-ஐ வாங்கி வருகிறவர்கள் உண்டு.

உண்மையான மோசடி விலையில் இல்லை, உலோகத்தில் இருக்கிறது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயர், சி.சி.ஏ. என்பார்கள். இணையத்தில் மலிவாக வருகிற ரீல்களில் நிறைய இதுதான். அதே தடிமனில் தடை ஒன்றரை மடங்குக்கு மேல். தடையைக்கூட அடுத்த அளவு வாங்கிச் சரிக்கட்டலாம். ஆனால் அலுமினிய இழை வளைக்க வளைக்கச் சீக்கிரம் ஒடியும், திருகுக்கு அடியில் நசுங்கி நாளடைவில் தளரும். சோதிப்பது சுலபம். ஒரே ஒரு இழையைப் பிரித்து பிளேடால் சுரண்டுங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அலுமினியம். மேலே வெள்ளை, உள்ளே செம்பு என்றால் வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு, தாராளமாக வாங்கலாம். ரீலைத் தூக்கிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும், அலுமினியத்துக்கு எடை இருக்காது. செங்காங்கில் நண்பர் வீட்டில் சீலிங்கை மூடிய பிறகுதான் உள்ளே ஓடுவது சி.சி.ஏ. என்று தெரிந்தது. காண்ட்ராக்டர் கேபிளின் பெயரைச் சொன்னார், உலோகத்தைச் சொல்லவில்லை. மறுபடி சீலிங்கை வெட்டுவது யார் செலவு?

இதையெல்லாம் அந்தத் தம்பிக்கு ஒருவராவது சொன்னீர்களா?

"நான் காதால் கேட்டேன், வித்தியாசம் தெரிந்தது" என்று வருவீர்கள். தெரிந்திருக்கலாம், பொய் என்று நான் சொல்லவில்லை. பழைய ஒயரின் முனை கறுத்துப் போயிருக்கும், திருகு தளர்ந்திருக்கும். புதுசை மாட்டும்போது முனையும் சுத்தம், திருகும் இறுக்கம், சத்தம் தெளிகிறது. அதே பழைய ஒயரில் 3 சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புது முனை சீவி மாட்டியிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். நம்ம ஊர்க் காற்றின் ஈரப்பதம் சராசரி 80 சதவீதத்துக்கு மேல். கண்ணாடி மாதிரி உறை போட்ட ஒயருக்குள் செம்பு பச்சை பூப்பது இங்கே சகஜம். பச்சை இல்லாத இடம்வரை வெட்டிச் சீவினால் மறுபடி சுத்தமான செம்பு கிடைக்கும்.

அடுத்து, போலி அற்புதங்களை அம்பலப்படுத்திய மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி 2007-ல் அமெரிக்காவில் 10 லட்சம் டாலர் பரிசு தருவதாகச் சவால் விட்டார். 7,250 டாலர் கேபிளுக்கும் சாதாரண நல்ல கேபிளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்காமல், காதால் மட்டும் கேட்டுச் சொன்னால் போதும். அந்தச் சோதனை கடைசிவரை நடக்கவே இல்லை.

ஸ்கின் எஃபெக்ட், அதாவது அதிர்வெண் கூடக் கூட மின்சாரம் கம்பியின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும் என்று பயமுறுத்துகிறவர்களுக்கு: 20,000 ஹெர்ட்ஸில்கூடச் செம்பில் மின்சாரம் 0.46 மி.மீ. ஆழம்வரை பரவும். வீட்டு நீளத்தில் அது பொருட்டே இல்லை. இடது வலது ஒயர் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். ஒரு மீட்டர் வித்தியாசத்தில் சில நானோ நொடிதான் தாமதம். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நைம் என்ற பிரிட்டிஷ் கம்பெனியுடையது மாதிரி சில ஆம்ப்புகளுக்குத் தயாரித்தவர்களே ஒயர் குறைந்தது 3.5 மீட்டர் இருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். அது அந்த ஆம்ப்பின் சர்க்யூட்டுக்காகச் சொன்னது. 1,500 வெள்ளி பட்ஜெட்டுக்கு அதை எதற்கு இழுக்கிறீர்கள்?

"என் காசு, என் இஷ்டம்." சரி. உங்கள் காசு உங்களுடையது. தம்பியின் காசு தம்பியுடையது. ரெனவேஷன் கடன் தலைக்கு மேல் நிற்கிறவரிடம் 600 வெள்ளியை ஒயரில் போடச் சொல்ல எப்படி மனசு வருகிறது? அந்தக் காசுக்கு ஒரு படி மேலான ஸ்பீக்கர் வரும். டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல், வெறும் சுவர் என்று இருக்கிற வீவக (அரசு அடுக்குமாடி) ஹாலில் ஒரு தடித்த கம்பளமும் கனமான திரையும் கொடுக்கிற வித்தியாசத்தை எந்த ஒயரும் கொடுக்காது.

எனக்குப் பொறுக்காதது அந்த "எலக்ட்ரீஷியன் புத்தி". இந்த ஊரில் எத்தனை கட்டடத்துக்கு நம்மாட்கள் ஒயர் இழுத்திருக்கிறார்கள்! தடிமனும் நீளமும் பார்த்துக் கம்பியைத் தேர்ந்தெடுப்பது அவர்களின் அன்றாட வேலை. அந்த அறிவைக் கேவலமாகப் பேசிவிட்டு, பெட்டியில் அச்சடித்த வாசகத்தை நம்புகிறீர்கள். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

தம்பி, இதைப் படித்தால் உங்களுக்கு. முனையை 10 மி.மீ. சீவி நன்றாக முறுக்குங்கள். ஒரு இழை வெளியே நீட்டிப் பக்கத்து முனையைத் தொட்டாலும் ஆம்ப் கட்டாகும், சில சமயம் போயே போய்விடும். முனைக்கு ஈயம் வைக்காதீர்கள் (சால்டர் பண்ணாதீர்கள்). திருகின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி இணைப்பு தளரும். ஒயர் முனையில் மாட்டி அப்படியே செருகுகிற 4 மி.மீ. பனானா பிளக் வசதி. பிளஸ், மைனஸ் மாறாமல் பாருங்கள், ஒயரின் ஒரு பக்கம் கோடோ எழுத்தோ இருக்கும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறினால் பேஸ் காணாமல் போகும், மிருதங்கத்தில் இடந்தலை கேட்காது, பாடுகிறவர் குரல் நடுவில் நிற்காமல் சிதறும்.

சீலிங்குக்குள் போவதானால் தனி பைப், கரண்ட் ஒயரோடு ஒரே பைப்பில் வேண்டாம். ஏர்கான் குழாயை மூடுகிற டிரங்கிங்குக்குள்ளும் விடாதீர்கள், தண்ணீர் கோக்கும். சீலிங்கை மூடுவதற்கு முன் ஒயரின் ஒரு முனையை ஸ்பீக்கரில் மாட்டி, மறு முனையில் 1.5 வோல்ட் பேட்டரியை, பிளஸுக்குப் பிளஸாக, ஒரு நொடி மட்டும் வையுங்கள். டப்பென்று சத்தம் வந்து பேஸ் கோன் முன்னால் தள்ளினால் ஒயரும் முழுசு, பிளஸும் சரி. பின்னால் போனால் முனையை மாற்றிக் குறியுங்கள். சத்தமே இல்லையென்றால் காண்ட்ராக்டரை அப்போதே கூப்பிட்டு வேறு ஒயர் இழுக்கச் சொல்லுங்கள், பணம் முழுசாகக் கொடுப்பதற்கு முன்னால்.