நடைபாதைக்குப் பணம் இருக்கிறது, சம்புப் புல்லுக்கு இல்லை

போன வருஷம் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. முந்தின நாள் சாயங்காலம்தான் கோடையின் முதல் மழை கொட்டித் தீர்த்திருந்தது. விடிந்ததும் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்குப் போனேன். ராஜகால்வாய், அதாவது ஊரின் மழைநீர் ஓடும் பெரிய கால்வாய், வந்து சேரும் முனையில் தண்ணீர்ப் பரப்பு முழுக்க வாய்கள். கட்லாவும் ரோகும் ஜிலேபியும் தலையை மேலே நீட்டி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. கரையோரம் நிறைய மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. ஒரு முக்குளிப்பான் அவற்றுக்கு நடுவே எதுவும் நடக்காத மாதிரி நீந்திக்கொண்டிருந்தது.

அங்கே மீன் டெண்டர் எடுத்தவரிடம் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் உண்டு. தருமபுரிப் பக்கத்துக்காரர், முப்பது வருஷமாக பெங்களூர் ஏரிகளில் பரிசல் ஓட்டுகிறவர். கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். "மூச்சு முட்டுதும்மா அதுங்களுக்கு. வெயில் ஏறினா கொஞ்சம் தேறும். அதுவரைக்கும் தாங்கணுமே" என்றார். எட்டு மணிக்கு நான் கிளம்பும்போது சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அவர் சொன்னது அப்படியே அறிவியல். சாக்கடைத் தண்ணீர் கொண்டுவரும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தின்று பாசி பெருகும். பகலில் அந்தப் பாசி ஆக்சிஜன் தரும், ராத்திரியில் அதுவே ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். அதனால் விடியற்காலையில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். கோடையில் தண்ணீர் சூடு, சூடான தண்ணீரில் கரையும் ஆக்சிஜனே கொஞ்சம்தான். அந்த நேரம் பார்த்து முதல் மழை, தெருவிலும் கால்வாயிலும் மாசக்கணக்கில் தேங்கிய கசடையெல்லாம் ஒரே அடியாக ஏரிக்குள் தள்ளுகிறது. அடியில் கிடக்கும் சேறும் கலங்குகிறது. லிட்டருக்கு நாலு மில்லிகிராமுக்குக் கீழே ஆக்சிஜன் போனால் பல மீன்கள் திணறத் தொடங்கிவிடும். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கில் மீன் செத்து மிதந்ததே, திருவள்ளுவர் சிலைக்குப் பக்கத்தில், ஞாபகம் இருக்கும் பலருக்கு.

சரி, எங்கள் ஏரிக்குப் பணம் வராமல் இல்லை. சில வருஷம் முன்பு கோடிக்கணக்கில் செலவழித்து 'மீட்டெடுத்தார்கள்'. பலகை இன்னும் நிற்கிறது. சுற்றிலும் வேலி, நடைபாதை, விளக்குக் கம்பங்கள், கல் மண்டபம், உடற்பயிற்சிக் கருவிகள். நடைபாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயதானவர்கள் நிம்மதியாக நடக்க இந்த ஊரில் வேறு இடம் எங்கே இருக்கிறது? ஆனால் ஏரியைச் சட்டி மாதிரி ஒரே ஆழமாகத் தோண்டி, கரையைச் சரிவே இல்லாமல் கல் பதித்து விட்டார்கள். உள்ளானும் கொக்கும் நிற்க அரையடித் தண்ணீர் வேண்டும். பல மீன்கள் முட்டையிட, குஞ்சுகள் ஒளிந்து வளர, ஓரத்தில் புல் மண்டிய, ஆழமில்லாத நீர் வேண்டும். அது எதுவும் இப்போது இல்லை. கூழைக்கடா வந்தால் நடுவில் நீந்திவிட்டுப் போகிறது, அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்று உருப்படியாகச் செய்திருந்தார்கள். கால்வாய் முனையில் வண்டல் தொட்டி கட்டி, அடுத்து சம்புப் புல் நட்டு ஒரு சிறு சதுப்பு அமைத்திருந்தார்கள். சம்பு சாக்கடைச் சத்தை உறிஞ்சிக்கொண்டு வளரும். ஆனால் வளர்ந்ததை அறுத்து வெளியே கொண்டுபோக வேண்டும். அறுக்காமல் விட்டால் அங்கேயே அழுகி, உறிஞ்சிய அத்தனையையும் திரும்பத் தண்ணீருக்கே கொடுத்துவிடும். முதல் வருஷம் அறுத்தார்கள். அப்புறம் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. மீன் செத்த அன்று சம்பு ஆள் உயரத்துக்கு மேல் காய்ந்து சாய்ந்து கிடந்தது, தொட்டியில் சேறு விளிம்பு வரை நின்றது. பராமரிப்புக்கு என்று தனியாக நிதி இல்லை, புதிதாக வேலை என்றால் திட்டம் போட்டுத் தரலாம் என்று ஓர் அலுவலகத்தில் சொன்னார்கள். என் ஆதங்கம் முழுக்க இந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது.

வடக்கு பெங்களூரில் இருக்கும் ஜக்கூர் ஏரியைப் போய்ப் பாருங்கள். அங்கே கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வரும் தண்ணீர் சதுப்பு வழியாக நிதானமாகக் கடந்துதான் ஏரிக்குள் போகும். சதுப்பு நன்றாக வேலை செய்தபோது நைட்ரேட்டும் பாஸ்பரஸும் எவ்வளவு குறைந்தன என்று இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். மீனவர்களுக்குப் பிழைப்பு, பறவைகளுக்கு இடம். ஆனால் அங்கேயும் சம்பையும் ஆகாயத்தாமரையையும் யாராவது தொடர்ந்து அள்ளிக்கொண்டே இருந்தால்தான் இது நடக்கும்.

கம்பெனிகள் கொடுக்கும் பணம்? 2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், சுற்றுச்சூழலும் அந்தப் பட்டியலில் உண்டு. இந்த ஊரில் பல ஏரிகளுக்கு அது பெரிய உதவி, மறுக்கவே மாட்டேன். ஆனால் விதிப்படி ஒரு தொடர் திட்டம் என்றாலும், தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும். ஏரி மூன்று ஆண்டில் முடிகிற வேலையா?

அமெரிக்காவில் 1934-லிருந்து ஒரு ஏற்பாடு இருக்கிறது. வாத்து வேட்டைக்குப் போகும் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஒவ்வொரு வருஷமும் ஒரு 'வாத்து ஸ்டாம்ப்' வாங்க வேண்டும். இப்போது விலை 25 டாலர். அதில் டாலருக்கு 98 சென்ட் நேராகச் சதுப்பு நிலங்களை வாங்கவும் காக்கவும் போகிறது. வேட்டைக்கே போகாத பறவைப் பிரியர்களும் வாங்குகிறார்கள். 1937-ல் துப்பாக்கி, தோட்டா மீதும், 1950-ல் தூண்டில் சாமான்கள் மீதும் விதித்த வரி இதேபோல காட்டுயிருக்கும் மீனுக்கும் போகும்படி சட்டம் செய்தார்கள். நம் நாட்டில் வேட்டை கூடாது, கூடாதுதான். நான் எடுத்துக்கொள்வது வேறு: பயன் அடைகிறவரிடமிருந்து வருஷா வருஷம் வரும் பணம், வேறு எதற்கும் திருப்ப முடியாதபடி கட்டிவைத்த பணம்.

பெங்களூரில் ஏரியால் பயன் அடைகிறவர் யார்? 'லேக் வியூ' என்று விளம்பரம் செய்து கூடுதல் விலைக்கு விற்கும் கட்டுமானக்காரர், வாங்கிய நாங்கள், ஏரி நிரம்பினால் போர்வெல் ஊறும் சுற்று வட்டாரம் முழுக்க. 2024 கோடையில் லாரித் தண்ணீருக்கு நாய் படாத பாடு பட்டோம். 2022 செப்டம்பரில் இதே ஊரில் வெளிவட்டச் சாலைப் பக்கம் வெள்ளம் புகுந்து, டிராக்டரில் ஆட்களை ஏற்றி மீட்டார்கள். இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவை இந்த ஏரிகளும் கால்வாய்களும்தான். சொத்து வரியோடு நூலகத்துக்கு செஸ் கட்டுகிறோம். ஏரிக்கும் கட்டுகிறேன், நான் தயார். ஆனால் அது கல் மண்டபத்துக்குப் போகக் கூடாது.

இதைத் தமிழில் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அல்சூர் ஏரி நிரம்பி வழிந்தால் பெல்லந்தூர் ஏரிக்குப் போகும். அங்கிருந்து வர்த்தூர், அப்புறம் தட்சிண பினாகினி ஆறு. அதற்கு நம் பெயர் தென்பெண்ணை. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் மலை மாதிரி நுரை பொங்குவதை டிவியில் பார்க்கிறோமே, அதில் எங்கள் வீட்டுப் பாத்திரம் கழுவிய தண்ணீரும் இருக்கிறது. அந்த ஆறுதான் கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகள் தாண்டிக் கடலூர்க் கடலுக்குப் போகிறது. என் மாமியார் ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். இங்கே ஒரு சதுப்பைச் சரியாக வைத்திருந்தால் அங்கே வயலுக்குப் பாயும் தண்ணீர் கொஞ்சமாவது தெளியும்.

இந்த ஜனவரியில் எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு நூறு ரூபாய் வசூலித்து, உரிய அனுமதி வாங்கி, ஆள் வைத்து சம்பு அறுத்தோம். டிராக்டர் ட்ரிப் நிறையவே போனது. பெரியவர் வந்து நின்று பார்த்தார். "அடுத்த வருஷமும் அறுப்பீங்களாம்மா?" என்று கேட்டார். எல்லா வருஷமும் வீடு வீடாகக் கையேந்தி இதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

வரும் பட்ஜெட்டுக்கு முன் வார்டு அலுவலகத்தில் ஒரு மனு கொடுக்கிறோம். கேட்பது இரண்டு. வருஷம் இரண்டு தடவை சம்பு அறுக்கவும், மழைக்கு முன் வண்டல் தொட்டி வாரவும் தனித் தலைப்பில் நிரந்தர ஒதுக்கீடு. ஏரியின் கிழக்கு ஓரத்தில் கல்லைப் பெயர்த்துவிட்டுச் சரிவாக மண் கரை. பக்கத்து ஏரிக்காரர்கள் இன்பாக்ஸில் எழுதுங்கள், உங்கள் ஏரிப் பெயரையும் மனுவில் சேர்த்துவிடுகிறேன்.